நோயாளி விழாதிருக்க மணி கட்டியவர்: புளோரன்ஸ் நைட்டிங்கேல்

காய்ச்சலுக்கு வைத்தியசாலைக்குப் போன முதியவர் இடுப்பெலும்பு முறிந்து வீடு திரும்புவது நம் மத்தியில் அரிதான செய்தியல்ல. இரவில் மலசலகூடத்துக்கு எழுந்தார், விழுந்துவிட்டார், வயது போய்விட்டது, விதி என்று சொல்லி ஆறிவிடுகிறோம். ஆனால் நோயாளிக்குத் தீங்கு செய்யாதிருப்பதே வைத்தியசாலையின் முதற்கடமை என்று 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிய ஒரு பெண் இருந்தார். கையில் விளக்கோடு நாம் படங்களில் காணும் புளோரன்ஸ் நைட்டிங்கேல்தான் அவர்.

1820 மே 12 அன்று இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், வசதியான ஆங்கிலக் குடும்பமொன்றில் பிறந்தார். அக்காலத்தில் தாதி வேலை மதிப்பில்லாத வேலை. வீட்டார் கடுமையாக எதிர்த்தனர். பல ஆண்டுகள் போராடி, 1851இல் ஜேர்மனியின் கைசர்ஸ்வெர்த் நகரில் பயிற்சி பெற்றார்.

1853இல் இலண்டன் ஹார்லி வீதியில் பெண்களுக்கான சிறிய வைத்தியசாலையொன்றின் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அங்கு அவர் முதலில் கேட்டவை மருந்துகள் அல்ல. ஒவ்வொரு மாடிக்கும் குழாயில் சுடுநீர் வரவேண்டும். சாப்பாட்டை மேலே ஏற்ற ஒரு தூக்கி வேண்டும். நோயாளி அழைத்தால் தாதியின் அறைக்கு வெளியே மணி ஒலிக்க வேண்டும். அழைத்தவர் யார் என்று காட்டும் அடையாளமும் அங்கே திறந்தபடி நிற்க வேண்டும். படியேறி இறங்கியே தாதியின் பொழுது போனால், நோயாளியைப் பார்க்க ஆளிருக்காது என்பது அவரது கணக்கு.

மறு ஆண்டே கிரிமியப் போர் அவரை அழைத்தது. 1854 நவம்பரில் 38 தாதியருடன் துருக்கியின் ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலையை அடைந்தார். 1855 பெப்ரவரியில் அங்கு சிகிச்சை பெற்றோரில் 100க்கு 40 பேருக்கு மேல் இறந்தனர். பெரும்பாலோரைக் கொன்றது குண்டுக்காயமல்ல, நோய். கட்டடத்தின் கீழ் கழிவுநீர்க் கால்வாய்கள் அடைபட்டுக் கிடந்தன. அரசு அனுப்பிய சுகாதார ஆணைக்குழு அவற்றைச் சுத்தம் செய்த பின்னரே மரணங்கள் வேகமாகக் குறைந்தன. நாடு திரும்பி, புள்ளிவிபர அறிஞர் வில்லியம் பார் என்பவருடன் கணக்குகளை அலசியபோதுதான் அதன் முழுப்பொருளும் அவருக்கு விளங்கியது. காப்பாற்ற வேண்டிய வைத்தியசாலையே ஆளைக் கொல்லலாம். போர்க்கால வைத்தியசாலைகளைக் கண்ட நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

போர்க்களத்தில் பிடித்த காய்ச்சல் அவரது உடலையும் விடவில்லை. 1857 முதல் பல ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையறையிலேயே கழிந்தன. தாதிமை பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் 1859இல் அந்நிலையில்தான் வெளிவந்தது. ஆகவே அது தாதி எழுதியது மட்டுமல்ல, நோயாளி எழுதியதும்கூட.

விழுதல் பற்றியும் அந்நூல் பேசுகிறது. தாதி அறைக்குள் நுழைந்த நேரத்தில், நின்றுகொண்டிருந்த நோயாளி தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்ததைத் தாம் கண்டதாக அவர் பதிவு செய்கிறார். மிகக் கவனமான தாதிக்கும் அது நேரலாம் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் நடந்துகொண்டிருக்கும் நோயாளியை வழிமறித்துப் பேசுவது தெரிந்தே செய்யும் தவறு; பத்து விநாடி பொறுத்தால் அவர் நடந்து முடித்துவிடுவார் என்கிறார். பின்னால் நின்றோ வாசலில் நின்றோ நோயாளியைக் கூப்பிடக்கூடாது. கட்டில் ஒரு சோபாவின் உயரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. இன்றைய வைத்தியசாலைகளிலும் கட்டிலைத் தாழ்த்தி வைப்பது விழுதலைக் குறைக்கச் சொல்லப்படும் வழிகளில் ஒன்று.

1860இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அவரது தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1863இல் அவர் வெளியிட்ட குடியேற்ற நாடுகளின் பாடசாலைகள், வைத்தியசாலைகள் பற்றிய புள்ளிவிபர அறிக்கையில் இலங்கையும் இடம்பெற்றது.

அவரது மணியை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்ப்போம். கேகாலை மாவட்டத்தின் தெஹியோவிட்ட, தெரணியகலை, யட்டியாந்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு முதியவர் விடுதியில் சேர்க்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். லயத்து அறையில் பாயில் உறங்கிப் பழகியவருக்கு இரும்புக் கட்டிலின் உயரம் புதிது. இருட்டில் காலை இறக்கினால் தரை எட்டாது. அதைவிடப் பெரிய தடை மொழி. இரவுக் கடமையில் இருக்கும் தாதிக்குத் தமிழ் தெரியாது. இவருக்குச் சிங்களம் சரியாக வராது. மலசலகூடம் போக உதவி கேட்கக் கூச்சப்பட்டு, தனியே எழுகிறார்.

1977, 1983 வன்செயல்களுக்கு அஞ்சித் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன பல குடும்பங்களைப் பின்னர் போரும் விடவில்லை. அங்கு காலை இழந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் கூட. செயற்கைக் காலைக் கழற்றி வைத்து உறங்குபவர், பாதித் தூக்கத்தில் அது இருப்பதாக நினைத்து எழுந்தாலே போதும்.

மணிக்கு மொழி இல்லை. கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு சிறு மணி, தண்ணீர், மலசலகூடம், வலி ஆகியவற்றைக் காட்டும் படஅட்டை, இரு மொழியிலும் எழுதிய பத்துச் சொற்கள். இவற்றுக்குப் பெரிய செலவில்லை. முன்பு விழுந்தவரா, தலைசுற்ற வைக்கும் குளிசை எடுப்பவரா என்பதைச் சேர்க்கும்போதே வீட்டார் சொல்லிவிட வேண்டும். உறங்குமுன் மலசலகூடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். எழும்போது கட்டில் விளிம்பில் சற்று உட்கார்ந்து, தலைசுற்றல் இல்லையென்று கண்டபின் நிற்கச் சொல்ல வேண்டும். ஈரத் தரையை உடனே துடைக்க வேண்டும். மீறி விழுந்துவிட்டால் அவசரப்பட்டு இழுத்துத் தூக்காமல் தாதியை அழைக்க வேண்டும்.

உலகில் ஆண்டுதோறும் சுமார் 6 இலட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இத்தனை மரணங்களையும் விதியின் கணக்கில் எழுதிவிட முடியாது.

நைட்டிங்கேல் 1910 ஆகஸ்ட் 13 அன்று, 90ஆவது வயதில் காலமானார். வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்தபோது குடும்பத்தினர் மறுத்து, கிழக்கு வெல்லோ என்ற கிராமத்தில் அடக்கம் செய்தனர். கல்லறையில் முழுப்பெயர் இல்லை, முதலெழுத்துகள் மட்டுமே. அவரது விளக்கை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. நம் விடுதிகளுக்கு அவரது மணியும் வேண்டும்.