திருத்தணியில் பிறந்த முதல் கீர்த்தனை... கோட்டை பேண்டு மெட்டுக்கும் பாட்டு எழுதிய முத்துசுவாமி தீட்சிதர் யார்?

கச்சேரிக்கே போகாதவங்க காதிலும் 'வாதாபி கணபதிம்' ஒருமுறையாவது விழுந்திருக்கும். அதன் ராகம் ஹம்சத்வனி. ராகத்தை உருவாக்கியவர் அப்பா ராமசுவாமி தீட்சிதர். அதில் அந்தப் பாட்டை அமைத்தவர் மகன் முத்துசுவாமி தீட்சிதர். கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவர்.

1775-ல் திருவாரூரில் பிறந்தவர். பாட்டும் வீணையும் வீட்டிலேயே அப்பாவிடம் பாடம். பிறகு குடும்பம் சென்னையை அடுத்த மணலிக்கு வந்தது. அங்கே அவர்களை ஆதரித்த முதலியார் குடும்பத்துக்கு கிழக்கிந்திய கம்பெனியோடு நெருங்கிய தொடர்பு. அதனால் ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர்களின் பேண்டு வாசிப்பதைக் கேட்கும் வாய்ப்பு தீட்சிதர் சகோதரர்களுக்குக் கிடைத்தது.

இங்கேதான் விஷயமே இருக்கு. வெளிநாட்டு இசைன்னு ஒதுக்காமல், அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாமி பாட்டு எழுதினார் முத்துசுவாமி. பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டுக்கும் அவரிடம் ஒரு பாட்டு உண்டு! 'நோட்டு ஸ்வரம்' எனப்படும் இந்தச் சின்னப் பாட்டுகள் சுமார் 40. குழந்தைகளுக்கு இன்றும் சொல்லித் தருகிறார்கள். தம்பி பாலுசுவாமி ஒருபடி மேலே போய் வயலினையே கற்றுக்கொண்டார். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியுமா?

அடுத்து காசி. குரு சிதம்பரநாத யோகியோடு போய் சில ஆண்டுகள் தங்கினார். அங்கே காதில் விழுந்த இந்துஸ்தானி இசையின் சாயலை அவருடைய நிதானமான கீர்த்தனைகளில் இப்போதும் கேட்கலாம். அவசரமே இருக்காது.

ஊர் திரும்பியவர் வந்து சேர்ந்த இடம் திருத்தணி மலை. ஒரு முதியவர் வாயைத் திறக்கச் சொல்லி கற்கண்டு போட்டார், அந்த இனிப்போடு பாட்டு பிறந்தது, வந்தவர் முருகனே என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கதையை நம்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம். ஆனால், அவருடைய முதல் கீர்த்தனையாக இசை உலகம் சொல்வது திருத்தணிப் பாட்டைத்தான். ராகம் மாயாமாளவகௌளை. பாட்டு கற்கும் பிள்ளைகள் முதல் நாள் சரளி வரிசை பாடும் அதே ராகம்!

அதைத் தொடர்ந்து வரும் திருத்தணிப் பாட்டுகள் எட்டு வேற்றுமைகளில் அமைந்தவை. பள்ளியில் நாம் மனப்பாடம் பண்ணித் திணறிய அதே வேற்றுமைதான். முருகனைக் குறிக்கும் 'குருகுஹ' அவருடைய முத்திரை ஆனது. கடைசிவரை மாறவில்லை.

பிறகு காஞ்சிபுரம், திருவாரூர், தஞ்சாவூர் என்று கோயில் கோயிலாகப் போய்ப் பாடினார். தஞ்சை நால்வர் எனப்படும் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு இவருடைய சீடர்கள். பரதநாட்டியக் கச்சேரியின் இன்றைய வரிசையை ஒழுங்கு செய்தவர்கள் இந்த நால்வர்தான்.

1835 தீபாவளி நாளில் எட்டயபுரத்தில் காலமானார். தம்பி பாலுசுவாமி அங்கே அரண்மனை வித்வான். சமாதியும் அங்கேதான்.

சீடர்கள் காப்பாற்றிவந்த பாட்டுகள் பெருந்தொகுப்பாக அச்சேற கிட்டத்தட்ட 70 வருஷம் ஆனது. பாலுசுவாமியின் வாரிசான சுப்பராம தீட்சிதர் 1904-ல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' நூலை ஸ்வரக் குறிப்புகளோடு வெளியிட்டார். முத்துசுவாமியின் 229 பாட்டுகள் அதில் இருக்கின்றன, திருத்தணிப் பாட்டு உட்பட. எட்டயபுரத்தில் அச்சான அந்த நூல் தெலுங்கு எழுத்தில் இருந்தது!