ஆர். கே. சண்முகம் செட்டியார்

ஆர். கே. சண்முகம் செட்டியார் (அக்டோபர் 17, 1892 - மே 5, 1953) கோயம்புத்தூரைச் சேர்ந்த வழக்கறிஞர், பொருளியல் அறிஞர், அரசியல்வாதி ஆவார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதி அமைச்சராகப் பணியாற்றினார். உலகப் பொருளாதாரப் பெருமந்தமும் இரண்டாம் உலகப் போரும் இவரது பொது வாழ்வின் போக்கைப் பெரிதும் தீர்மானித்தன.

பிறப்பும் கல்வியும்

கோவையில் வணிகக் குடும்பமொன்றில் பிறந்தார். சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் சென்னை சட்டக் கல்லூரியிலும் பயின்றார். 1917 இல் கோவை நகராட்சி உறுப்பினரானார். 1920 இல் நீதிக்கட்சி சார்பில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இடம்பெற்றார். பின்னர் சுயராச்சியக் கட்சியில் இணைந்து மத்திய சட்டமன்றத்திற்குச் சென்றார்.

பெருமந்தமும் ஒட்டாவா உடன்பாடும்

1929 இல் அமெரிக்காவில் தொடங்கிய பெருமந்தம் உலக வணிகத்தை முடக்கியது. இதனை எதிர்கொள்ளப் பிரித்தானியப் பேரரசின் நாடுகள் 1932 இல் கனடாவின் ஒட்டாவா நகரில் கூடி, தங்களுக்குள் வரிச் சலுகைகளை வழங்க உடன்பட்டன. அம்மாநாட்டில் இந்தியக் குழுவில் சண்முகம் செட்டியாரும் இடம்பெற்றார். இவ்வுடன்பாடு பிரித்தானிய ஆலைகளுக்கே நன்மை தரும் எனத் தேசியவாதிகள் எதிர்த்தனர். 1933 இல் மத்திய சட்டமன்றத் தலைவரான இவர், 1934 தேர்தலில் காங்கிரசு வேட்பாளர் சாமி வெங்கடாசலம் செட்டியிடம் தோல்வியுற்றார். ஒட்டாவா உடன்பாட்டை ஆதரித்தது இத்தேர்தலில் இவருக்குப் பாதகமாக அமைந்தது.

இதே காலத்தில், 1932 இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதால் கோவையில் நூற்பாலைகள் பெருகின என்பது குறிப்பிடத்தக்கது.

கொச்சி திவான்

1935 முதல் 1941 வரை கொச்சி சமத்தானத்தின் திவானாக இருந்தார். கொச்சித் துறைமுகத்தின் வளர்ச்சிக்கு ஊக்கமளித்தார்.

போரும் பிரெட்டன் வூட்சும்

1941-42 இல் அமெரிக்காவில் இந்தியக் கொள்முதல் குழுவின் தலைவராகப் பணியாற்றினார். போருக்காக இந்தியாவிலிருந்து பெற்ற பொருட்களுக்கும் பணிகளுக்கும் பிரித்தானியா உடனே பணம் தரவில்லை. அத்தொகை இலண்டனில் பவுண்டுக் கணக்கில் கடனாகச் சேர்ந்தது. இவ்வாறு கடன்பட்டிருந்த நாடு கடன் கொடுத்த நாடாக மாறியது.

1944 சூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் வூட்சில் 44 நாடுகள் கூடிப் பன்னாட்டு நாணய நிதியத்தையும் உலக வங்கியையும் திட்டமிட்டன. இந்தியக் குழுவில் செரமி ரெயிசுமன், சி. டி. தேசுமுக், ஏ. டி. செராஃப் ஆகியோருடன் இவரும் கலந்துகொண்டார். பவுண்டு இருப்பில் ஒரு பகுதியையாவது நிதியத்தின் வழியாகப் பிற நாணயங்களாக மாற்ற வேண்டும் என இந்தியக் குழு கோரியது. இக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. நிதியத்தில் இந்தியாவின் பங்கு 40 கோடி டாலர் என வரையறுக்கப்பட்டது.

நிதி அமைச்சர்

காங்கிரசைச் சேராதவராக இருந்தும், 1947 ஆகத்து 15 இல் நேருவின் அமைச்சரவையில் நிதி அமைச்சரானார். 1947 நவம்பர் 26 இல் விடுதலை இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை முன்வைத்தார். ஏழரை மாதங்களுக்கான இத்திட்டத்தில் வரவு 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டிருந்தது. செலவில் 92.74 கோடி ரூபாய் பாதுகாப்புக்கு ஒதுக்கப்பட்டது. 1948 இல் பவுண்டு இருப்பு குறித்து இலண்டனில் நடந்த பேச்சுவார்த்தைக்கும் தலைமை தாங்கினார். வருமான வரி விசாரணைக்கு அனுப்பிய பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டது சர்ச்சையானதால் அதே ஆண்டு ஆகத்தில் பதவி விலகினார். அவருக்குப் பின் சான் மத்தாய் நிதி அமைச்சரானார்.

தமிழ்ப் பணியும் மறைவும்

தமிழிசை இயக்கத்தை ஆதரித்தார். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்திற்கு உரை எழுதினார். 1953 மே 5 இல் காலமானார்.