சூசான் லெங்லென்

இராசபாளையத்து ஆலைகளில் நூல் நூற்பவரும், ஸ்ரீவில்லிபுத்தூரில் தறியில் அமர்ந்து சேலை நெய்பவரும், அவ்வூரில் அடுப்பின் முன் நின்று பால்கோவாக் கிண்டுபவரும் தத்தம் உழைப்புக்கு உரிய கூலியைப் பெறுகின்றனர். கூலி பெற்றமையால் அவர்தம் கைத்திறன் குறைந்துவிட்டது என்று கூறுவார் ஒருவரும் இலர். ஆனால், டென்னிஸ் விளையாட்டில் நெடுங்காலம் வேறொரு முறை நிலவிற்று. பொருள் பெறாது ஆடுபவரே மதிப்புக்குரியவர், பொருள் பெற்று ஆடுபவர் தாழ்ந்தவர் என்பது அவ்விளையாட்டை நடத்திய சங்கத்தாரின் கொள்கை. முன்னவரை அமெச்சூர் என்றும், பின்னவரைத் தொழில்முறை ஆட்டக்காரர் என்றும் வழங்கினர். விம்பிள்டன் முதலிய பெரும் போட்டிகளில் அமெச்சூர்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. நாகர்கோவிலில் 1937ஆம் ஆண்டில் பிறந்து, 1960, 1961 ஆகிய ஈராண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்று நம் நாட்டுக்குப் பெருமை தேடித்தந்த இராமநாதன் கிருஷ்ணனும் அந்த விதிக்கு உட்பட்டே ஆடினார். அவருக்கு ஒரு தலைமுறை முன்னரே, புகழின் உச்சியில் நின்றுகொண்டே அவ்விதியை எதிர்த்து வெளியேறியவர் ஒரு பெண்மணி. அவரே பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்த சூசான் லெங்லென் ஆவார்.

சூசான் 1899ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்தார். இளமையில் அவர் ஆஸ்துமா நோயால் துன்புற்றார். மெலிந்த உடலுக்கு வலிமை உண்டாகட்டும் என்று கருதிய தந்தை சார்லஸ், மகளின் பதினோராம் வயதில் ஒரு டென்னிஸ் மட்டையை வாங்கிக் கொடுத்தார். மகளிடம் மறைந்திருந்த திறமையை விரைவில் உணர்ந்த அவர், தாமே ஆசிரியராய் நின்று பயிற்றத் தொடங்கினார். ஆட்டக்களத்தில் ஆங்காங்கே கைக்குட்டையை விரித்து, பந்து அதன்மேலேயே விழுமாறு அடிக்கச் செய்வார் என்பர். தவறினால் கடிந்துகொள்வார், எளிதில் பாராட்டமாட்டார். இக்கடும் பயிற்சியின் பயனாக, 1914ஆம் ஆண்டில், பதினைந்து வயது நிரம்பிய சில நாட்களுக்குள், பாரிசுக்கு அருகில் நடைபெற்ற உலகக் கடினக்கள டென்னிஸ் போட்டியில் சூசான் வாகை சூடினார். அவ்வாண்டிலேயே முதல் உலகப் போர் மூண்டது. பெரும் போட்டிகள் நின்றன. வளர்ந்துவந்த வீராங்கனை நான்கு ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருக்க நேர்ந்தது.

போர் முடிந்தபின், 1919ஆம் ஆண்டில் சூசான் முதன்முறையாக விம்பிள்டனுக்குச் சென்றார். இறுதி ஆட்டத்தில் அவரை எதிர்த்தவர் ஏழு முறை அங்கு வென்ற டொரோத்தியா லாம்பர்ட் சேம்பர்ஸ் அம்மையார். அவருக்கு வயது நாற்பது. சூசானுக்கு வயது இருபது. பெண்கள் ஆட்டத்தில் மூன்று செட்டுகளுள் இரண்டை வெல்பவரே வெற்றியாளர். ஒரு செட்டை வெல்லக் குறைந்தது ஆறு கேம்களை வெல்லுதல் வேண்டும். அந்நாளில் எதிரியைவிட இரண்டு கேம்கள் மிகுந்தும் நிற்றல் வேண்டியிருந்தது. முதல் செட்டைச் சூசானும் இரண்டாவதைச் சேம்பர்ஸும் வென்றனர். மூன்றாவது செட்டில், இன்னும் ஒரே ஒரு புள்ளி கிடைத்தால் வெற்றி என்னும் நிலையைச் சேம்பர்ஸ் இருமுறை எட்டினார். இருமுறையும் சூசான் தப்பினார். முடிவில் 10–8, 4–6, 9–7 என்னும் கணக்கில் வெற்றி இளையவரைச் சேர்ந்தது.

சூசானின் ஆட்டத்தோடு அவர் உடையும் பேசப்பட்டது. அந்நாளில் பெண்கள் கணுக்கால் வரை தொங்கும் பாவாடையும் இடையை இறுக்கும் கச்சும் அணிந்தே ஆடினர். சூசானோ முழங்காலுக்குச் சற்றே கீழ்வரும் மெல்லிய உடையை அணிந்து, முன்கை தெரிய, மான் போலத் துள்ளி ஆடினார். சிலர் முகம் சுளித்தனர். ஆயினும், கட்டுண்ட உடலால் விரைந்து ஓட இயலாது என்பதை ஏனைய பெண்களும் விரைவில் கண்டுகொண்டனர்.

1920ஆம் ஆண்டு ஆண்ட்வெர்ப் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியில் சூசான் ஒற்றையர் ஆட்டத்தில் தங்கப் பதக்கம் பெற்றார். அப்போட்டி முழுவதிலும் அவர் இழந்தவை நான்கு கேம்களே. ஆனால், ஏற்றத்தை அடுத்து இறக்கமும் வந்தது. 1921ஆம் ஆண்டில் கடல் கடந்து அமெரிக்கா சென்ற அவர், மோலா மல்லோரி அம்மையாரை எதிர்த்து ஆடினார். முதல் செட்டை இழந்தார். இரண்டாவதன் தொடக்கத்தில் இருமலும் சோர்வும் மேலிட, ஆட்டத்தைக் கைவிட்டுக் களத்தை விட்டு வெளியேறினார். தோல்விக்கு அஞ்சி நோயைச் சாக்காகக் கொண்டார் என்று பலர் இகழ்ந்தனர். அவ்விகழ்ச்சிக்கு அவர் மட்டையாலேயே விடை கூறினார். மறு ஆண்டு விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் அதே மல்லோரியை 6–2, 6–0 என்று வென்றார். 1919 முதல் 1923 வரை ஐந்து ஆண்டுகள் இடைவிடாது விம்பிள்டன் பட்டம் அவருக்கே உரியதாயிற்று. 1924இல் மஞ்சட்காமாலையின் விளைவால் பாதியில் விலக நேர்ந்தது. 1925இல் மீண்டு வந்து ஆறாம் முறையாகவும் வென்றார்.

1926ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள், பிரான்சின் தென்கரையிலுள்ள கான் நகரில், அமெரிக்காவின் இளம் வீராங்கனை ஹெலன் வில்ஸுடன் சூசான் மோதினார். இரண்டாவது செட்டின் இறுதியில் வில்ஸ் அடித்த பந்து கோட்டுக்கு அப்பால் விழுந்தது என்று ஒரு குரல் எழுந்தது. வென்றுவிட்டதாகக் கருதிச் சூசான் கைகுலுக்கினார். ஆனால், அக்குரல் பார்வையாளர் ஒருவருடையது. பந்து உள்ளேயே விழுந்தது என்று கோட்டு நடுவர் அறிவித்தார். கைக்கு எட்டிய வெற்றி நழுவியபோதும் சூசான் நிலைகுலையவில்லை. திரும்பச் சென்று ஆடி, 6–3, 8–6 என்று வென்றார்.

அவ்வாண்டு விம்பிள்டனில் ஆட்ட நேரம் பற்றிய குழப்பம் ஒன்று நேர்ந்தது. அதனால் மேரி அரசியார் வீற்றிருக்கையில் சூசான் களத்தில் இல்லை. அரசியாரை அவமதித்தார் என்ற பழி எழுந்தது. மனம் நொந்த சூசான் போட்டியிலிருந்து விலகினார்.

இந்நிலையில்தான் அவர் வாழ்வின் பெரும் முடிவு பிறந்தது. அவர் ஆட்டத்தைக் காணப் பெருங்கூட்டம் திரண்டது. நுழைவுக் கட்டணம் சங்கங்களுக்குச் சேர்ந்தது. ஆடியவருக்கோ கிடைத்தது கோப்பையும் கைதட்டலுமே. செல்வர்க்கு அது போதும். குடும்பத்தின் பொருள்நிலை தளர்ந்தவர்க்குப் போதுமா? சூசான் தொழில்முறை ஆட்டக்காரராக மாறினார். அமெரிக்க நாட்டுப் பயணத்திற்கு 50,000 டாலர் அளிப்பதாகச் சி. சி. பைல் என்பவர் ஒப்பந்தம் செய்தார். 1926 அக்டோபரில் நியூயார்க்கில் தொடங்கிய அப்பயணத்தில் மேரி பிரௌன் என்ற வீராங்கனையுடன் 38 ஆட்டங்கள் ஆடி, 38இலும் சூசானே வென்றார்.

ஆனால், அதற்குரிய விலையையும் அவர் கொடுத்தார். பெரும் போட்டிகளின் கதவுகள் அவருக்கு என்றென்றைக்குமாக அடைபட்டன. வெற்றி யாருக்கு என்பது முன்னமே தெரிந்த ஆட்டத்தில் மக்களின் ஆர்வமும் நாளடைவில் குறைந்தது. 1927இல் இங்கிலாந்தில் சில ஆட்டங்கள் ஆடியபின், முப்பது வயது நிரம்புமுன்னரே அவர் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். பிறகு பாரிசில் டென்னிஸ் பள்ளி நடத்திச் சிறுவர் சிறுமியர்க்குப் பயிற்சி அளித்தார். 1938ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள், கொடிய இரத்தசோகை நோயால், தம் முப்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார்.

சூசான் மறைந்து முப்பது ஆண்டுகள் கழிந்தபின், 1968இல் விம்பிள்டன் தன் விதியை மாற்றிக்கொண்டது. அமெச்சூரும் தொழில்முறையாளரும் ஒரே களத்தில் ஆடினர். வென்றோர்க்குப் பணப்பரிசும் வழங்கப்பட்டது. ஆடவர்க்கு 2,000 பவுன், பெண்டிர்க்கு 750 பவுன் என்று தொடங்கிய அவ்வேறுபாடு 2007இல் நீங்கிச் சமமாயிற்று. பாரிசின் ரோலண்டு காரோஸ் அரங்கிலுள்ள பெருங்களம் ஒன்று சூசான் லெங்லென் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அங்கு ஒற்றையர் பட்டம் வெல்லும் பெண்மணி பெறுகின்ற கோப்பையும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

சூசானின் வெற்றிகள் பல. அவற்றை முறியடித்தோரும் பின்னாளில் தோன்றினர். ஆயினும், உழைப்பவர்க்குக் கூலி இழிவன்று, அஃது உரிமையே என்று தம் புகழைப் பணயமாக வைத்து நிலைநாட்ட முயன்ற துணிவே அவர் விட்டுச் சென்ற பெருஞ்செல்வம். அதன் பயனை அவர் துய்க்கவில்லை, பின்வந்தோர் துய்க்கின்றனர்.