வளைந்த குழாயும் ஒரு முள்ளும்: அமுக்கமானியைத் தந்த யூஜின் போர்டன்

மட்டக்களப்பு வாவியைச் சுற்றியுள்ள பட்டறைகளில் ஒரு வட்டக் கண்ணாடியும் அதற்குள் ஒரு முள்ளும் அடிக்கடி கண்ணில் படும். காஸ் வெல்டிங் கடையில் ஒட்சிசன் சிலிண்டரின் தலையில் இரண்டு இருக்கும். ரயருக்குக் காற்றடிக்கும் இடத்தில் ஒன்று, நெல் அவிக்கும் ஆலையின் கொதிகலனில் ஒன்று, மீனுக்கு ஐஸ் உறைய வைக்கும் இயந்திரத்தில் ஒன்று. வைத்தியசாலைக் கட்டிலுக்கு அருகே நிற்கும் ஒட்சிசன் சிலிண்டரிலும் அதே வட்டம்தான். தொழிலாளர்கள் அதை மீற்றர் என்றும் கேஜ் என்றும் சொல்வார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதன் பெயர் அமுக்கமானி.

அந்த முள்ளுக்குப் பின்னால் இருப்பவர் யூஜின் போர்டன் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் இறந்து 140 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவர் பெயரை அறியாதவர்களும் அவருடைய கருவியை நம்பித்தான் தினமும் வேலை செய்கிறார்கள்.

பட்டு வியாபாரியின் மகன்

போர்டன் 1808 ஏப்ரல் 8 இல் பாரிஸ் நகரில் பிறந்தார். தகப்பன் பட்டு வியாபாரி. மகனும் அதே வியாபாரத்துக்கு வரவேண்டும் என்பதே வீட்டின் எண்ணம். ஆனால் மகனின் மனம் இயந்திரங்களில் இருந்தது. தகப்பன் இறந்த பிறகு அவர் கண்ணாடி வில்லைகளும் கருவிகளும் செய்யும் ஒருவரிடம் வேலை பழகினார். 1832 இல் பாரிஸிலேயே சொந்தமாக ஒரு பட்டறை திறந்தார்.

அது நீராவி உலகை மாற்றிக்கொண்டிருந்த காலம். ஆனால் இரும்பு உருளைக்குள் என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. போர்டன் கண்ணாடி உருளை வைத்த சிறிய நீராவி இயந்திரம் ஒன்றைச் செய்தார். மாணவர்கள் உள்ளே பார்த்துப் படிக்கலாம். இப்படிப் பாடம் நடத்த உதவும் சிறு இயந்திரங்களை அவருடைய பட்டறை நூற்றுக்கணக்கில் செய்தது. மறைந்திருப்பதைக் கண்ணுக்குக் காட்டவேண்டும் என்ற அந்த ஆசைதான் அவருடைய வாழ்நாள் வேலையாக அமைந்தது.

நசுங்கிய குழாய் சொன்ன செய்தி

கொதிகலன் வெடித்துத் தொழிலாளர்கள் சாவது அன்று அடிக்கடி நடந்தது. நீராவியின் அமுக்கத்தை அளக்க வழி இல்லாமல் இல்லை. இரசம் நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாய் இருந்தது. ஆனால் ஒரு வளிமண்டல அமுக்கத்துக்கு 76 சென்ரிமீற்றர் உயர இரசம் தேவை. ஆறு வளிமண்டலத்தை அளக்க நாலரை மீற்றர் உயரக் குழாய் வேண்டும். குலுங்கி ஓடும் ரயில் என்ஜினிலோ கப்பலிலோ அதை எப்படி வைப்பது?

1840களின் இறுதியில் அவருடைய பட்டறையில், நீராவியைக் குளிரவைக்கும் ஒரு சுருள் குழாயை வளைக்கும்போது அது நசுங்கிப் போனது. பழைய வடிவத்துக்குக் கொண்டுவர ஒரு முனையை அடைத்து, மறுமுனையால் தண்ணீரைப் பம்ப் செய்தார்கள். நசுங்கிய இடம் உப்பியது. அதோடு சுருளும் தானாக விரியத் தொடங்கியது. அமுக்கம் கூடக்கூட விரிவும் கூடியது. வேறொருவர் என்றால் குழாய் சரியாகிவிட்டது என்று அடுத்த வேலைக்குப் போயிருப்பார். அந்த விரிவையே அளவுகோலாக்கலாம் என்று போர்டன் கண்டுகொண்டார்.

மாமாங்கத் திருவிழாக் கடைகளில் பிள்ளைகள் வாங்கும் கடதாசி ஊதுகுழலை நினைத்துப் பாருங்கள். ஊதினால் சுருள் நீளும், விட்டால் சுருளும். போர்டனின் கருவியும் கிட்டத்தட்ட அப்படித்தான். தட்டையான உலோகக் குழாய் ஒன்று வளையம்போல் வளைந்திருக்கும். ஒரு முனை அடைத்திருக்கும். மறுமுனையால் நீராவியோ எண்ணெயோ காற்றோ உள்ளே வரும்போது தட்டைக் குழாய் உருண்டையாக முயலும், வளைவு சற்று நிமிரும். அந்த அசைவு சில மில்லிமீற்றர்தான். சிறிய நெம்பும் பற்சக்கரமும் அதைப் பெருக்கி முள்ளைச் சுழற்றும்.

1849 ஜூன் 18 இல் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1851 இல் லண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் அதற்கு உயர்ந்த பதக்கம் கிடைத்தது. பிரான்ஸ் அரசும் அவரைக் கௌரவித்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் அதைத் தயாரிக்கும் உரிமையை ஒருவர் வாங்கினார்.

ஆனாலும் மீற்றர் ஒன்றே உயிரைக் காத்துவிடாது. 1865 ஏப்ரலில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைதாகி விடுதலை பெற்ற படையினர் சுல்தானா என்ற நீராவிக் கப்பலில் மிசிசிப்பி ஆற்றால் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். கொள்ளளவைவிடப் பல மடங்கு ஆட்களை ஏற்றியிருந்தார்கள். பழுதான கொதிகலனுக்கு அவசரத்தில் மெல்லிய தகட்டால் ஒட்டுப் போட்டிருந்தார்கள். கொதிகலன்கள் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். போரில் தப்பியவர்களை அவசரமும் இலாப ஆசையும் கொன்றன. முள் காட்டும் எண்ணுக்கு அஞ்சுகிற மனிதர்கள் இருந்தால்தான் முள்ளுக்குப் பயன்.

வாவிக் கரைக்கு வந்த முள்

1920களின் பிற்பகுதியில் மட்டக்களப்புக்கு ரயில் வந்தது. நீராவி என்ஜின் ஓட்டியவரின் முகத்துக்கு நேரே இருந்தது போர்டனின் மீற்றர். 1950களில் வாழைச்சேனையில் கடதாசி ஆலை எழுந்தது. வைக்கோலை அவிக்கவும் கடதாசியை உலர்த்தவும் அங்கே நீராவிதான் தேவைப்பட்டது. காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் கடதாசி என்று நாம் பெருமையோடு சொன்ன மூன்றும் போரில் அடிபட்டன. முதல் இரண்டும் நின்றுபோயின. வாழைச்சேனை ஆலை மூடுவதும் திறப்பதுமாகக் காலம் தள்ளியது. கட்டடங்களோடு, கொதிகலனின் குணம் அறிந்த தொழிலாளர் பரம்பரையும் சிதறிப்போனது.

போர்க்காலத்தில் எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்கு எரிபொருள் கொண்டு போவதே பெரும்பாடு. வடக்கில் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். காது கொடுத்துக் கேட்டே என்ஜினின் நோயைச் சொன்ன மெக்கானிக்குகள் அன்று உருவானார்கள். அந்தத் திறமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் மீற்றர் இல்லாமல் சமாளித்த பழக்கம், மீற்றர் தேவையில்லை என்ற எண்ணமாக மாறக்கூடாது.

இன்றைய இளைஞர்களுக்கு

இலங்கையின் தெற்கிலும், நம்மவர் குடியேறிய கனடா, அவுஸ்திரேலியாவிலும் டிராக் பந்தயம் நடக்கிறது. கால் மைல், அதாவது 402 மீற்றர், நேர் ஓட்டம். அந்தச் சில வினாடிகளில் என்ஜின் கேட்கும் எரிபொருள் மிக அதிகம். பம்ப் தளர்ந்தாலோ பில்டர் அடைத்தாலோ அமுக்கம் விழும். எரிபொருள் குறைந்து காற்று மிஞ்சும்போது சூடு ஏறி பிஸ்டன் உருகும். அதனால்தான் பந்தயக் காரில் எரிபொருள் அமுக்கமானி பூட்டுகிறார்கள். பலவற்றுக்குள் இன்றும் இருப்பது போர்டனின் குழாய்தான்.

வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது அளவெல்லை. வழக்கமான அமுக்கம் முள்ளின் நடுப்பகுதியில் நிற்கவேண்டும். காபரேற்றர் என்ஜினுக்குப் பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 5 முதல் 7 இறாத்தல் போதும். அதற்கு 15 வரை காட்டும் மீற்றர் எடுக்கலாம். இன்ஜெக்டர் என்ஜினில் 40 முதல் 60 வரை போகும். அதற்கு 100 வரை காட்டுவது வேண்டும். 100 மீற்றரைக் காபரேற்றருக்குப் பூட்டினால் முள் அடியிலேயே கிடக்கும், இரண்டு இறாத்தல் விழுந்தாலும் தெரியாது. அதிர்வைத் தாங்கக் கிளிசரின் நிரப்பிய மீற்றர் நல்லது. ஆனால் என்ஜின் சூட்டில் உள்ளிருக்கும் திரவம் விரிந்து அளவைப் பிழையாகக் காட்டலாம். ஆகவே ஆறிய பின் ஒருமுறை சரிபார்க்கவேண்டும்.

பூட்டும் இடம், அமுக்கத்தைச் சீராக்கும் ரெகுலேற்றருக்குப் பின், காபரேற்றருக்கு முன். இன்ஜெக்டர் என்ஜினில் எரிபொருள் ரெயிலின் மேல். பெற்றோல் குழாயை ஓட்டுநர் இருக்கும் பக்கத்துக்குள் கொண்டுவரவே கூடாது. ஒரு கசிவும் ஒரு பொறியும் போதும். உள்ளே பார்க்க விரும்பினால், வெளியே சென்சர் பூட்டி வயரை மட்டும் உள்ளே எடுக்கலாம். மரையில் சுற்றும் வெள்ளை ரேப்பின் துணுக்குகள் இன்ஜெக்டரை அடைக்கும். பெற்றோலைத் தாங்கும் பசையே பொருத்தம். என்ஜினை ஸ்டார்ட் செய்யுமுன் பம்பை மட்டும் ஓடவிட்டு ஒவ்வொரு மூட்டிலும் கசிவு பார்க்கவேண்டும்.

வெல்டிங் கடைக்காரருக்கும் ஒன்று உண்டு. ஒட்சிசன் மீற்றரில் எண்ணெயோ கிறீசோ படக்கூடாது. உயர் அமுக்க ஒட்சிசனில் அது தானே தீப்பற்றும். மற்ற வேலைக்குப் பாவித்த மீற்றரைக் கழற்றி ஒட்சிசன் சிலிண்டரில் பூட்டுவது ஆபத்தான சிக்கனம்.

கடைசி அளவீடு

1872 இல் போர்டன் தொழிலை மகனிடம் ஒப்படைத்தார். ஆனால் ஓய்ந்திருக்கவில்லை. முதுமையில் அவருடைய கவனம் காற்றின் வேகத்தை அளக்கும் கருவிக்குத் திரும்பியது. அதைச் சோதிக்கும்போது தவறி விழுந்தார். அதனாலேயே 1884 செப்ரெம்பர் 29 இல் தமது 76 ஆவது வயதில் காலமானார். 1978 நவம்பரில் சூறாவளி அடித்த கரையில் வாழும் நமக்கு, காற்றை அளப்பது ஏன் ஒருவரின் கடைசி வேலையாக இருந்தது என்று விளக்கத் தேவையில்லை.

முதலாளி சொல்வதையோ அதிர்ஷ்டத்தையோ நம்பி நின்ற தொழிலாளியிடம், தானே பார்த்து அறியக்கூடிய ஓர் உண்மையைக் கொடுத்தார் போர்டன். போருக்குப் பின் பழைய இயந்திரங்களை வாங்கி மீண்டும் தொழில் தொடங்கிய நம்மில் பலரிடம், கண்ணாடி உடைந்து முள் அசையாத மீற்றர் இன்னும் இருக்கலாம். ஓடும் இயந்திரத்தில் அசையாத முள் பொய் சொல்கிறது. அதை மாற்ற ஆகும் செலவு, அது தடுக்கும் இழப்போடு ஒப்பிட்டால் மிகச் சிறிது.