முதல் ஊசி தமக்கே

கோவையில் பிளேக் மாரியம்மன் கோயிலைக் கடக்கும்போதெல்லாம் என் அம்மிச்சியின் நினைவு வரும். எலி செத்து விழுந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு, ஊருக்கு வெளியே சாளை போட்டுத் தங்கிய கதையை அவர் சொல்லியிருக்கிறார். ஊசி போட்டால் காய்ச்சலும் கைவலியும் வரும் என்று அஞ்சி ஒளிந்தவர்களும் உண்டாம்.

அந்த ஊசியைத் தந்தவர் வால்டெமார் ஹாஃப்கின். 1860இல் ஒடெசாவில் பிறந்து, பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றி, 1893இல் காலரா தடுப்பூசியுடன் இந்தியா வந்தார். 1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. சில மாதங்களிலேயே மருந்தை உருவாக்கி, 1897 ஜனவரி 10 அன்று தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். கடுங்காய்ச்சலையும் வலியையும் தாங்கினார்.

1902இல் பஞ்சாபின் முல்கோவாலில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 19 பேர் இரணஜன்னி கண்டு இறந்தனர். பழி ஹாஃப்கின் மீது விழுந்தது, பணியிலிருந்து நீக்கிவைக்கப்பட்டார். தவறு அவருடையதன்று என்பது 1907இல்தான் ஏற்கப்பட்டது. 1930இல் லோசானில் மறைந்தார்.

பொருளியல் கற்பித்தவன் நான். ஊசியின் வலி இன்றைய செலவு, கண்ணுக்குத் தெரியும். வராமற்போன நோய் எந்தக் கணக்கேட்டிலும் வரவாக ஏறுவதில்லை. ஆகவேதான் தடுப்பு முறைகளை மக்கள் எளிதில் ஏற்பதில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பிறரைக் கேட்பவர், முதலில் தாம் பொறுத்துக் காட்ட வேண்டும். ஹாஃப்கின் அதைச் செய்தார்.