ஆழிக்குமரன் ஆனந்தன்

ரெனிஸ் முதலிய பந்தாட்டங்களில் வீரனுக்கு எதிரே மற்றொருவன் நிற்பான். அவன் தளர்ந்தால் இவன் வெல்லலாம். கடலில் நீந்துவோனுக்கோ அவ்வாய்ப்பு இல்லை, கடல் தளர்வதில்லை. தன் உடற்சோர்வையும் உறக்கத்தையும் வெல்வதே அவனுக்குரிய போர். அப்போரையே வாழ்வாகக் கொண்டவர் ஆழிக்குமரன் என்னும் சிறப்புப் பெயர் பெற்ற வி. எஸ். குமார் ஆனந்தன்.

1943ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் பிறந்த அவர், வடமராட்சியிலுள்ள வல்வெட்டித்துறையைச் சேர்ந்தவர். பாய்மரக் கப்பல் கட்டுவதிலும் செலுத்துவதிலும் பெயர்பெற்றது அவ்வூர். அங்கே கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. ஆனந்தன் சிறுவராயிருந்த காலத்திலேயே, 1954இல், அயலூராகிய தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். கடலை அஞ்சாத அம்மரபில் வந்தவர் ஆனந்தன்.

1971இல் அவர் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார், நீந்தியே மீண்டார். இருவழியும் கடக்க 51 மணி நேரம் சென்றது. கரையைக் கண்ட நீச்சல் வீரனின் உடல் ஓய்வை நாடும். எட்டிய கரையை விட்டு மீண்டும் அலையில் இறங்குதற்கு உடல் வலிமை மட்டும் போதாது. ஆனந்தனின் பெருமை அவ்விரண்டாம் இறக்கத்திலேயே விளங்குகின்றது.

பின்னர் அவர் நிலத்திலும் அதே சோதனையை மேற்கொண்டார். 1979இல் 187 மணி நேரத்துக்கு மேலாகத் தொடர்ந்து சைக்கிள் ஓட்டினார். 1980இல் ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். 1981இல் சென்னை அண்ணா நீச்சற் குளத்தில், காலூன்றாது 80 மணி நேரம் நீரில் நிலைத்திருந்தார். இத்தகைய ஏழு சாதனைகளால் அவர் பெயர் கின்னஸ் நூலில் இடம்பெற்றது. இவற்றால் விளையும் பயன் யாது என வினவுவோர் உளர். மனிதனால் எவ்வளவு தாங்க இயலும் என்பதை ஒருவன் தன்னையே அளவுகோலாக்கி அறிய முற்படுதல் வீண்செயல் ஆகாது. ஆயினும் அவ்வறிவுக்கு அவன் கொடுக்கும் விலை பெரிது.

எஞ்சி நின்றது ஆங்கிலக் கால்வாய். டோவர் அருகே அதன் அகலம் ஏறத்தாழ 34 கிலோமீற்றர். பாக்கு நீரிணையை இருமுறை தொடர்ந்து கடந்தவருக்கு அத்தொலைவு புதிதன்று. ஆனால், அக்கடலின் கடுமை தொலைவினும் குளிரிலேயே மிகுதி. நம் கடலின் வெப்பம் அங்கே இல்லை. நீந்தும் உடலின் சூட்டைக் குளிர்நீர் இடைவிடாது கவர்ந்துகொள்ளும். 1984ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் நாள் அக்கால்வாயைக் கடக்கும் முயற்சியில் ஆனந்தன் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 41.

அவர் வரலாற்றை மாணவர்க்கு எடுத்துரைக்கும் ஆசிரியர், 51 மணி நேரத்தை மட்டும் சொல்லி நிறுத்துதல் முறையன்று. கால்வாயையும் சொல்லுதல் வேண்டும். உள்ளம் எல்லை காணாது விரியும். உடலுக்கோ எல்லை உண்டு. முன்னதை வியக்கக் கற்பிக்கும் நாம் பின்னதை மதிக்கவும் கற்பித்தல் கடன். அவ்விரண்டையும் ஒருங்கே உணர்த்துவது ஆனந்தனின் வாழ்வு.