மூணு வயசு வரை பேசாத பையன்... ராமானுஜனின் அம்மா என்ன செய்தார்?

உங்க அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு மெசேஜ் வந்திருக்கா? மூணாவது மாடிக் குழந்தை ராத்திரியெல்லாம் கத்துது, பெத்தவங்க கொஞ்சம் பார்த்துக்கக் கூடாதா என்று. கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அந்தக் குழந்தைக்கு ஆட்டிசம் என்பது குரூப்பில் எல்லாருக்கும் தெரியும். அதோட அம்மாவும் அதே குரூப்பில்தான் இருக்கிறார். மறுநாள் லிஃப்ட்டில் யாரும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. அடுத்த மாசம் எந்த வீட்டுப் பிறந்தநாளுக்கும் அந்தக் குழந்தைக்கு அழைப்பு கிடையாது. திருவொற்றியூர் ஹவுசிங் போர்டோ, எண்ணூர் குவார்ட்டர்ஸோ, ராயபுரத்து ஒண்டுக் குடித்தனமோ, எங்கே போனாலும் இதே கதைதான்.

இதுக்கும் ராமானுஜனுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. பீச் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே தெரிகிறதே துறைமுகம், அங்கேதான் 1912 மார்ச் 1-ம் தேதி மாசம் 30 ரூபாய் சம்பளத்தில் கிளார்க்காகச் சேர்ந்தார் அவர். ராயபுரத்தில் அவர் பெயரில் ஒரு சின்ன மியூசியமே இருக்கு. பி.கே.சீனிவாசன் என்ற கணக்கு வாத்தியார் 1993-ல் தொடங்கியது. ராமானுஜனின் கணக்கைப் பத்தி நிறைய படிச்சிருப்பீங்க, சினிமாவும் வந்தாச்சு. அவர் மூணு வயசு வரை சரியாகப் பேசவே இல்லை என்பது தெரியுமா?

1887 டிசம்பர் 22, ஈரோட்டில் அம்மாவின் பிறந்த வீட்டில் பிறந்தார். அப்பா சீனிவாச ஐயங்கார், கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடைக் குமாஸ்தா. அம்மா கோமளத்தம்மாள், கோயிலில் பஜனை பாடி அதில் வரும் சின்ன வருமானத்தையும் குடும்பத்தில் சேர்த்தவர். ரெண்டாவதாகப் பிறந்த ஆண் குழந்தை மூணு மாசம்கூட இருக்கவில்லை. ரெண்டு வயசில் ராமானுஜனுக்குப் பெரியம்மை. பிழைத்துவிட்டான், தழும்புகள் மட்டும் கடைசிவரை இருந்தன.

ஆனா பையன் பேசவில்லை. வீட்டில் இருக்கிற பித்தளை, செப்புப் பாத்திரங்களை எல்லாம் இழுத்து வந்து, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் வரிசையாக அடுக்குவான். கேட்ட சாப்பாடு கிடைக்காவிட்டால் மண்ணில் புரளுவான். இதைப் படிக்கிறபோதே உங்களில் சிலர் கூகுளில் தேட ஆரம்பிச்சிருப்பீங்க. வேண்டாம். நூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனவருக்கு செல்போனில் டயக்னோசிஸ் எழுதற வேலை நமக்கு எதுக்கு? அம்மாவைப் பாருங்க, போதும். ஒரு குழந்தையைப் பறிகொடுத்தவர், பிழைத்த குழந்தையும் வாய் திறக்கவில்லை. கோயில் வாசலிலும் கிணற்றடியிலும் அவரிடம் என்ன கேட்டிருப்பார்கள் என்று நான் சொல்லித்தான் தெரியணுமா?

ஊமையாகிவிடுமோ என்று பயந்த கோமளத்தம்மாள் பையனைத் தூக்கிக்கொண்டு காஞ்சிபுரத்தில் இருந்த தன் அப்பாவிடம் போனார். தாத்தாவின் நண்பர் ஒருவர் சொன்ன யோசனைப்படி அட்சராப்பியாசம் ஆரம்பித்தது. தரையில் அரிசியைக் கெட்டியாகப் பரப்பி, தாத்தா பேரனின் கையைப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாக எழுதவைப்பார், எழுதும்போதே அந்த எழுத்தை உரக்கச் சொல்லுவார். அ, ஆ, இ, ஈ. கொஞ்ச நாளில் பையன் பேசினான். உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் வரிசையாக உள்ளே போயின. 1892 அக்டோபரில் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள்.

இங்கே ஒரு நிமிஷம். ராமானுஜனே லேட்டாத்தான் பேசினார், உங்க பையனும் பேசிடுவான் என்று யாருக்கும் ஆறுதல் சொல்லிடாதீங்க. ரெண்டு வயசு முடிந்தும் குழந்தை ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை என்றால், முதலில் காது கேட்கிறதா என்று டெஸ்ட் எடுக்கணும். அப்புறம் குழந்தைகள் டாக்டர். அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாசமும் நஷ்டம். இன்னொண்ணு, பேசாத குழந்தை பின்னாடி மேதையாகணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை. ஒண்ணுமே ஆகாமல் போனாலும் அந்தக் குழந்தைக்குப் பார்க்கில் ஊஞ்சலில் ஆட இடம் உண்டு. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-வது பிரிவு, மாற்றுத்திறனாளியைப் பலர் பார்க்கும்படி வேண்டுமென்றே இழிவுபடுத்துகிறவருக்கு 6 மாதத்திலிருந்து 5 வருஷம் வரை சிறை, கூடவே அபராதம் என்கிறது. ஊஞ்சலில் இருக்கிற குழந்தையை லூசுன்னு கூப்பிடுகிற உங்க வீட்டுப் பையன் அந்த வார்த்தையை எங்கே கத்துக்கிட்டான்னு யோசிச்சிருக்கீங்களா?

கோமளத்தம்மாளைத் தெய்வத்தாய் ஆக்குவதிலும் எனக்கு விருப்பமில்லை. சென்னையில் தாத்தா பாட்டி வீட்டில் இருந்தபோது பையன் ஸ்கூலுக்குப் போக அடம் பிடித்தான் என்று, மிரட்டுவதற்கு ஒரு போலீஸ் கான்ஸ்டபிளையே கூட்டிவந்தார்கள். பலன் பூஜ்யம், ஆறே மாசத்தில் கும்பகோணத்துக்கே திரும்பினான். ஆனா அதே அம்மாதான், கணக்கைத் தவிர மற்றதில் கோட்டைவிட்டு கல்லூரி ஸ்காலர்ஷிப் பறிபோனபோது, நேராகப் பிரின்சிபாலைப் பார்த்து நியாயம் கேட்கப் போனார். கிடைக்கவில்லை. 1905-ல் பையன் வீட்டைவிட்டு ஓடி விசாகப்பட்டினம் வரை போய்விட்டான். காணவில்லை என்று பேப்பரில் செய்தி வந்தது. திரும்பி வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. பரீட்சையில் ஃபெயில், மறுபடியும் ஃபெயில். வேலை இல்லை. 1909-ல் ஜானகியோடு கல்யாணம். மாப்பிள்ளைக்கு 21, பெண்ணுக்குப் பத்து வயசுதான்.

அப்புறம்தான் துறைமுகம். சைவ முத்தையா முதலி தெருவில் பாட்டியோடு குடித்தனம், நடக்கிற தூரத்தில் ஆபீஸ். கணக்குப் போடப் பேப்பர் வாங்கக் காசில்லை. சரக்கு வந்திறங்கும் இடத்தில் பார்சல் சுற்றிய காகிதத்தைப் பொறுக்கிக்கொண்டு திரிவார். வேறு ஆபீஸாக இருந்தால் பைத்தியம் என்று பெயர் வைத்திருப்பார்கள். இங்கே தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் சாயந்திரங்களில் அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். சேர்மன் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஆதரவு கொடுத்தார். வித்தியாசமான ஒரு ஆளோடு வேலை செய்வது எப்படி என்று அந்த ஆபீஸுக்குத் தெரிந்திருந்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்குக் கடிதம் போன கதை உங்களுக்குத் தெரியும்.

1914 மார்ச் 17, நெவாசா கப்பல் சென்னைத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. வழியனுப்ப அம்மா இல்லை, மனைவியும் இல்லை. குடுமி எடுத்து கிராப்பு வெட்டி, கோட்டு சூட்டில் அவரை அவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று முன்னாடியே ரெண்டு பேரையும் கும்பகோணத்துக்கு ரயிலேற்றிவிட்டார்கள். அவர் இங்கிலாந்தில் இருந்த வருஷங்களில் ஜானகி எழுதிய கடிதங்களை மாமியார் போக விடவில்லை. பேசாத பிள்ளையைப் பேசவைக்கக் காஞ்சிபுரம் வரை தூக்கிப்போன அதே கைதான் இதையும் செய்தது. படிக்கும்போது எனக்கு வலிக்கிற இடம் இதுதான்.

1918-ல் எஃப்.ஆர்.எஸ். பட்டம், அதே வருஷம் டிரினிட்டி கல்லூரி ஃபெலோ. 1919-ல் திரும்பி வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தார். 1920 ஏப்ரல் 26, சேத்துப்பட்டில் காலமானார். வயசு 32.

கடல் தாண்டியதற்கு ராமேஸ்வரம் போய்ப் பரிகாரம் செய்வதாக இருந்தது, உடம்பு இடம் கொடுக்கவில்லை. அதனால் சொந்தபந்தங்களில் பெரும்பாலானவர்கள் சாவுக்கே வரவில்லை. உலகமே கொண்டாடுகிற பிள்ளையைப் பெற்ற வீடு, அன்றைக்கு ஒதுக்கிவைக்கப்பட்ட வீடு. அவருக்கு முன்பே உதவிய ராமச்சந்திர ராவ்தான் தன் மருமகன் மூலம் தகனத்துக்கு ஏற்பாடு செய்யவேண்டியிருந்தது.

ஜானகி பிறகு திருவல்லிக்கேணியில் தையல் தொழில் செய்து பிழைத்தார். தாயை இழந்த ஒரு பையனை எடுத்து வளர்த்து, படிக்கவைத்து, கல்யாணமும் செய்துவைத்தார். 1994 வரை இருந்தார்.